இரண்டு கையும் தண்ணீரில் இருக்கும்போது

எதிர்வீட்டுப் பெண் போன வாரம் கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவள். உள்ளங்கை வேர்த்து விடைத்தாள் நனைந்துவிடுகிறதாம். கைரேகை வைக்கிற கருவி அவள் விரலை ஏற்கவே மாட்டேன் என்கிறதாம்.

“பெரியம்மா, கை வேர்வைக்கு வீட்டிலேயே கரண்டு வச்சுக்கிற மெஷின் வந்திருக்கு. இதுல எதை வாங்கலாம்னு பாத்துச் சொல்லுங்க” என்றாள்.

படம் படமாகத் தள்ளிக் காட்டினாள். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம். ஒன்றில் யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண் இரண்டு தட்டுகளில் கையை வைத்துக்கொண்டு ஏதோ பாயசம் குடிக்கப் போகிறவள் மாதிரி சிரித்தாள். இத்தனை நட்சத்திரம், இத்தனை தள்ளுபடி, நாளைக்கே வீட்டுக்கு வந்துவிடும் என்று கீழே எழுதியிருந்தது.

“அதெல்லாம் இருக்கட்டும். ரெண்டு கையும் தண்ணிக்குள்ள இருக்கும்போது கரண்டை யாருட்டி கூட்டுவா, யாரு குறைப்பா? அதை எங்கயாவது போட்டிருக்கானா பாரு” என்றேன்.

அவள் விழித்தாள். மேலும் கீழும் தேடினாள். போட்டிருக்கவில்லை. எனக்குச் சுர்ரென்று கோபம் ஏறிவிட்டது. அந்தப் பிள்ளை பயந்துபோய், “நான் என்ன பெரியம்மா செஞ்சேன்?” என்றாள். அவள் ஒன்றும் செய்யவில்லை. இந்தப் பேச்சை யார் எடுத்தாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறது. அதற்கான காரணத்தை அவளிடம் அன்று சொன்னேன். இங்கே கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவள். கோவில்பட்டியில் அந்தப் பெயர் யார் வாயிலும் நுழைந்ததில்லை. ‘கரண்டு வைக்கிற சிஸ்டர்’ என்றால்தான் ஆட்டோக்காரருக்குக்கூடத் தெரியும். மதுரையில் படித்து, சென்னையில் கொஞ்ச காலம் வேலை பழகி, கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். பருத்திப் பொதி தூக்கிக் கழுத்துப் பிடித்தவர்கள், வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள், குத்தவைத்தே வேலை பார்த்து மூட்டுத் தேய்ந்த பெண்கள், இவர்கள்தான் என் உலகம். உள்ளங்கை வேர்வைக்கும் கரண்டு வைக்கலாம் என்பதை என்றைக்கோ பாடத்தில் ஒரு மூலையில் படித்ததோடு சரி. அதை என் அன்றாட வேலையாக ஆக்கியவர் டாக்டர் ஜெபராஜ்.

தோல் டாக்டரான அவர் திருநெல்வேலியிலிருந்து புதன்கிழமைதோறும் பஸ்ஸில் வருவார். கை வேர்க்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? உட்கார்ந்ததும் கையை முந்தானைக்குள்ளோ சட்டைப் பைக்குள்ளோ ஒளித்துக்கொள்வார்கள். வணக்கம் சொல்லக்கூடக் கையை வெளியே எடுக்க யோசிப்பார்கள். டாக்டர் எதுவும் கேட்பதற்கு முன்னால், “கையைக் குடுங்க” என்பார். தயங்கித் தயங்கி நீட்டுவார்கள். அந்த ஈரக்கையைத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு பேச்சு முடிகிற வரைக்கும் விடமாட்டார். சொட்டுச் சொட்டாக அவர் பேண்ட்டில் விழும். துடைக்க மாட்டார். “தூங்கும்போது வேர்க்குதா?” என்று கேட்பார். தூங்கும்போது காய்ந்திருக்கிறது என்றால் வேறு நோய் இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டுவார். சிலர் அங்கேயே அழுதுவிடுவார்கள். கட்டின புருஷன்கூடப் பிடிக்காத கை சார் இது என்று ஒரு பெண் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் பூசுவதற்கு மருந்து கொடுப்பார். அதற்குக் கேட்காவிட்டால் என் அறைக்கு அனுப்புவார். முதல் நோயாளியை அனுப்பிய அன்று அவரே கூடவே வந்துவிட்டார். இரண்டு பிளாஸ்டிக் தட்டு, தட்டுக்கொரு உலோகத் தகடு, தகட்டுக்கு மேல் மடித்த துண்டு, உள்ளங்கை முங்குகிற அளவுக்கு மட்டும் தண்ணீர். எல்லாம் வைத்து முடித்ததும் நோயாளியை உட்காரச் சொல்லவில்லை. தன் மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவரே உட்கார்ந்தார்.

“மத்தவங்களுக்கு வைக்கிறதை முதல்ல நாம ஒரு தடவை வச்சுக்கணும். திருகும்மா. மெதுவா” என்றார்.

திருகினேன். எறும்பு ஊருவது மாதிரி இருக்கிறது என்றார். இன்னும் கொஞ்சம் என்றார். குத்துகிறது, போதும் என்றார். பிறகு என்னை உட்காரவைத்து அவர் திருகினார். “முள்ளைப் பாரு. முகத்தைப் பாரு. மறுபடி முள்ளைப் பாரு” என்பார். முள் என்றால் எத்தனை மில்லி ஆம்பியர் போகிறது என்று காட்டுகிற மீட்டரின் முள். பாதி நேரம் ஆனதும் கரண்டைப் பூஜ்யத்துக்கு இறக்கி, ஒயரை இடம் மாற்றி, மறுபடி மெதுவாக ஏற்ற வேண்டும். முடியும்போது மறுபடி பூஜ்யத்துக்கு இறக்கின பிறகுதான் கையை வெளியே எடுக்கலாம். கரண்டு போய்க்கொண்டிருக்கும்போது வெடுக்கென்று எடுத்தால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். ஆகவே ஒவ்வொருவரிடமும் நான் தவறாமல் சொல்வேன்: நான் குறைக்கிற வரைக்கும் கையை எடுக்காதீங்க.

இவ்வளவு பொறுப்பான மனிதரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எந்தச் சீட்டிலும் கம்பெனிப் பெயர் எழுத மாட்டார். “ஒரு பேரை எழுதினா மறுவாரம் அந்தக் கம்பெனிக்காரன் காலண்டரோட வாசல்ல நிப்பான்” என்பார். மருந்தின் பெயரை மட்டும் எழுதுவார். மருந்துக் கடைக்காரர்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. எனக்கு அப்போது அது பெருமையாகத்தான் இருந்தது.

தங்கம் வந்தது தொண்ணூறுகளின் நடுவில். ஆவுடைத்தங்கம் என்பது முழுப்பெயர். இடைசெவலுக்குப் பக்கத்துக் கிராமம். ரோட்டோரத்தில் இருந்த ஒரு தீப்பெட்டி ஆபீசில் வேலை. எங்கள் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அங்கே பெட்டி அடைப்பில் இருந்தாள். காய்ந்த குச்சியை ஒரு பிடி அள்ளினால் அது பெட்டிக்குச் சரியாக இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அவ்வளவு கைவாகு உள்ளவள். ஆனால் அந்தக் கைதான் வேர்த்தது. குச்சியின் தலையிலிருக்கிற மருந்து ஈரம் பட்டால் இளகிவிடும். விரலெல்லாம் செக்கச்செவேலென்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் குச்சியை எத்தனை தரம் உரசினாலும் பற்றாது.

அந்த ஆபீசில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். காலையில் அடைப்புக்குப் போகிற பெண்கள் கணக்கப்பிள்ளையின் மேசையில் கிடக்கிற காக்கித் தாளில் உள்ளங்கையைப் பதித்துவிட்டுப் போக வேண்டும். ஈரம் இருந்தால் தாளில் கை அப்படியே கறுப்பாக விழும். விழுந்தால் அன்றைக்கு அடைப்பு இல்லை. வெளியே வெயிலில் குச்சி காயப்போடுகிற வேலைதான். கூலியும் குறைவு, நிழலும் கிடையாது. தங்கம் பவுடர் போட்டுப் பார்த்தாள். பெட்டியெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்று திட்டு. கரிசல் மண்ணைப் பொடித்துத் தேய்த்துக்கொண்டு போனாள். தாளில் மண்ணோடு சேர்ந்து அச்சு விழுந்தது. மற்ற பெண்கள் சிரித்தார்களாம். புருஷன் சரியில்லை, படிக்கிற வயதில் ஒரு மகள் இருக்கிறாள், அடைப்பு வேலை போனால் அந்த வீடு ஓடாது. இதையெல்லாம் டாக்டரின் கைக்குள் தன் கையை வைத்துக்கொண்டே சொன்னாள்.

முதல் நாள் வளையலைக் கழற்றச் சொன்னேன். கண்ணாடி வளையலைக் கழற்றிவிட்டாள். ஒரு பித்தளைக் காப்பு கிடந்தது. கல்யாணத்துக்கு முன்னால் போட்டது, சதை மூடி ஏறாமல் இறங்காமல் நின்றது. சோப்புப் போட்டு நானும் அவளுமாக இழுத்து எடுத்தோம். மணிக்கட்டு சிவந்துபோயிற்று. “ஒரு உலோகம் கிடந்தாலும் அந்த இடம் பொசுங்கிரும்” என்றேன். சரிக்கா என்றாள். விரலில் குச்சி கீறின காயத்துக்கெல்லாம் வாஸலின் தடவினேன். எங்கள் ஆஸ்பத்திரி டிரம்மில் முனிசிபாலிட்டித் தண்ணீர், தாமிரபரணியிலிருந்து வருவது, என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் அதில்தான் வைப்பேன்.

ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்தாள். சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் வந்தவள் உட்காராமல், இடுப்பில் சொருகியிருந்த காக்கித் தாளை எடுத்து மேசையில் விரித்தாள். உள்ளங்கையை அழுத்திப் பதித்து எடுத்தாள். தாள் தாளாகவே இருந்தது.

“யக்கா, பாத்தியளா!” என்றாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நானும் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

ஆனால் இந்த வைத்தியம் ஒரு முறையோடு முடிகிற ஒன்று அல்ல. நிறுத்தினால் திரும்பவும் வேர்க்கும். வாரத்துக்கு ஒரு தடவையாவது வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவைக்கும் பஸ், அரை நாள் வேலை போயிற்று என்றால் அவளால் முடியுமா? அப்போதுதான் வீட்டிலேயே வைத்துக்கொள்கிற மெஷின் பேச்சு வந்தது. அது தங்கம் வாங்குகிற பொருள் இல்லை. அவளுடைய முதலாளி வந்தார்.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம். அப்படி இல்லை. கோயில் கொடைக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு போட்டவர், யாரையும் மரியாதை இல்லாமல் பேச மாட்டார். விரல் நிறைய மோதிரம். “தங்கம் கை காஞ்சிட்டுல்லா, நானே பாத்தேன். எங்கிட்ட இன்னும் நாலஞ்சு பிள்ளைய இப்படி இருக்காவ. ஆபீஸ்லயே ஒரு மெஷினை வாங்கிப் போட்டுருதேன். எதுன்னு எழுதிக் குடுங்க டாக்டர்” என்றார்.

டாக்டர், “பேர் எழுத மாட்டேன் அண்ணாச்சி. என்னென்ன இருக்கணும்னு சிஸ்டர் சொல்லுவாங்க” என்றார்.

“ஒரு பேரை எழுதுறதுல என்ன சார்?”

“எழுத மாட்டேன்.”

நான் சொன்னேன். மீட்டர் முள் இருக்கிறதா என்று பாருங்கள், முள் இல்லாத பெட்டியைத் தொடாதீர்கள். கரண்டு போய்ப் போய் வருகிற ஊர் இது, பேட்டரியில் ஓடுவதாக வாங்குங்கள். பிளக்கில் மாட்டுகிறது வேண்டாம். வைத்துக்கொள்கிறவருடைய இரண்டு கையும் தண்ணீரில் இருக்கும், அதனால் தானாக மெதுவாக ஏறித் தானாக இறங்கி அணைகிற மெஷின் கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்காவிட்டால் பக்கத்தில் ஒரு ஆள் நகராமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வாங்கினதும் முதலில் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். அண்ணாச்சி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அவர் வாங்கியது எது தெரியுமா? மதுரையிலிருந்து ஒரு டீலர் இரண்டு மெஷின் கொண்டுவந்து காட்டியிருக்கிறான். ஒன்று சின்னது, பேட்டரி, முள் உண்டு, தானாக இறங்கி அணையும். இன்னொன்று இரும்புப் பெட்டி, பிளக்கில் மாட்டுவது, பெரிய குமிழ், முள் கிடையாது. சின்னதைப் பார்த்து அண்ணாச்சி, “இது என்னவே, விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கு. பேட்டரிக்கு வேற யாரு அலையுதது?” என்றாராம். பெரியது பார்க்க உறுதியாக இருந்தது. அது போதும் அவருக்கு. லாரி வாங்கப் போனால் இன்ஜினைப் பார்க்காமலா வாங்குவார்? ஒரு பொம்பளை கையை வைக்கப்போகிற சாமான் என்றால் மட்டும் கனமாக இருந்தாலே போதும்.

முள் இல்லையே என்று கணக்கப்பிள்ளை கேட்டிருக்கிறார். டீலர் அங்கேயே பானைத் தண்ணீரைத் தட்டில் ஊற்றித் தன் கையை வைத்துக் காட்டியிருக்கிறான். சுகமாக எறும்பு ஊருகிற இடத்தில் குமிழுக்கு நேரே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்து, “இந்தப் பொட்டைத் தாண்டாதீங்க, அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அண்ணாச்சி அதை எனக்குக் கொண்டுவந்து காட்டவில்லை. தங்கமும் வருவதை நிறுத்திவிட்டாள். நல்ல மெஷின் வந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மத்தியானம் ஆபீஸ் ஜீப்பில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். இரண்டு கையிலும் ஈரத்துணி சுற்றியிருந்தது. இடதுகையில் அங்கங்கே கொப்புளம். வலது கைத் துணியைப் பிரித்ததும் எங்கள் நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளங்கையின் நடுவிலும் சுண்டுவிரல், மோதிரவிரல் முழுக்கவும் தோல் வெளுத்து, சோப்பில் ஊறினது மாதிரி வழவழவென்று இருந்தது. தீயில் சுட்ட காயத்தைவிட இது மோசம், உள்ளே இறங்கியிருக்கும். நான் அவளைக் கேட்கக்கூடாததைக் கேட்டேன்.

“கையை எடுக்க வேண்டியதுதானட்டி? எரிஞ்சப்பவே எடுத்திருக்கலாம்லா?”

“நீங்கதானக்கா சொன்னிய, குறைக்கிறதுக்கு முன்னால எடுக்கக் கூடாதுன்னு.”

கணக்கப்பிள்ளை பொட்டு வரைக்கும் திருகிவிட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்து வாசலில் லாரி வந்து நின்றிருக்கிறது. பண்டலை எண்ணி ஏற்றப் போய்விட்டார். எரிய ஆரம்பித்ததும் இவள், “அண்ணாச்சி, அண்ணாச்சி” என்று கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டிருக்கிறாள். “இந்தா வாரேன், இரு” என்று அவர் வெளியிலிருந்தே குரல் கொடுத்திருக்கிறார். மறுபடி கூப்பிட்டிருக்கிறாள். மறுபடி அதே பதில். குமிழ் கைக்கெட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எந்தக் கையால் திருகுவாள்?

“எரிஞ்சாத்தான் காயும்போலன்னு நெனச்சேங்க்கா. பெறவு மரத்துப் போச்சு” என்றாள்.

மறுநாள் நான் அந்த ஆபீசுக்குப் போனேன். லீவு சொல்லக்கூட இல்லை. கணக்கப்பிள்ளை எழுந்து நின்று, “பொட்டைத் தாண்டவே இல்ல சிஸ்டர், சத்தியமா தாண்டல. நீங்களே பாருங்க” என்றார். பார்த்தேன். குமிழ் பொட்டுக்கு நேரேதான் நின்றது. பொய் சொல்லவில்லை.

“எந்தத் தண்ணியை ஊத்தினிய?”

“போர்த் தண்ணிதான். பின்ன, குடிதண்ணியில போயி யாராவது கையை முக்குவாவளா?”

இந்தக் கரிசல் காட்டில் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்காத வீடு எது? அதைத் தட்டில் ஊற்றிக் கையை முக்கிவிட்டுக் கொட்டுவதற்கு இங்கே எவனுக்கும் மனசு வராது. டீலர் காட்டியது பானைத் தண்ணீரில். இவர்கள் ஊற்றியது குச்சி அடுக்குகிற மரச்சட்டத்தைக் கழுவுகிற போர்த் தண்ணீர். வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். உப்புத் தண்ணீரில் கரண்டு தாராளமாகப் பாயும். நல்ல தண்ணீரில் எறும்பு ஊருகிற அதே பொட்டு, உப்புத் தண்ணீரில் தோலை உரிக்கும். மீட்டர் முள் இருந்திருந்தால் அது எங்கேயோ போய் முட்டி நின்றிருக்கும், பார்த்த எவனுக்கும் தெரிந்திருக்கும். இதற்காகத்தான் ஐயா முள், முள் என்று அடித்துக்கொண்டேன். அங்கேயே கத்தினேன். அடைப்பில் இருந்த பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

புதன்கிழமை டாக்டர் வந்தார். வழக்கம்போல தங்கத்தின் கையைக் கேட்டுத் தன் கையை நீட்டினார். கட்டுப்போட்ட கை. அதைப் பிடிக்கவும் முடியாமல், நீட்டின கையை எடுக்கவும் முடியாமல் அப்படியே வைத்திருந்தார். அவள் போன பிறகு, “பேர் எழுதிக் குடுத்திருந்தாலும் அந்த ஆளு தனக்குப் பிடிச்சதைத்தான் வாங்கியிருப்பாரு” என்றார்.

“இருக்கலாம் சார். எழுதியிருக்கலாம்” என்றேன்.

நான் அவரிடம் அப்படிப் பேசியது அதுதான் முதலும் கடைசியும். அதற்குப் பிறகு யாராவது வீட்டுக்கு மெஷின் வாங்க வேண்டும் என்றால், எது இருக்க வேண்டும், எது இருக்கக் கூடாது, எந்தத் தண்ணீர் என்று தன் கையெழுத்திலேயே எழுதிக் கொடுப்பார். தேவைப்பட்டால் பெயரும் எழுதுவார். காலண்டரோடு எவனாவது வந்து நின்றால் அவனை நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன்.

காயம் ஆறியது. ஆறும்போது தோல் சுருங்கி அந்த இரண்டு விரலும் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டன. அப்புறம் அவள் என் கைக்கு வந்தாள். உருக்கின மெழுகில் கையை முக்கி எடுத்து, இளக்கம் கொடுத்து, ஒவ்வொரு விரலாக நீட்ட வேண்டும். மயிரிழை மயிரிழையாகத்தான் வரும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்ப்பாள். நான் மனசுக்குள் முதலாளியை, டீலரை, லாரியை என்று வரிசையாகத் திட்டிக்கொண்டே நீட்டுவேன். ராத்திரிக்குக் கட்டிக்கொள்ள அட்டை வைத்து ஒரு பட்டை செய்து கொடுத்தேன். மாதக்கணக்கில் ஆயிற்று. மோதிரவிரல் முழுக்க நிமிர்ந்தது. சுண்டுவிரல் முக்கால்வாசிதான் வந்தது. உள்ளங்கையில் புதுத் தோல் ரேகையே இல்லாமல் மினுமினுவென்று இருந்தது. தழும்பான தோலில் வேர்வைச் சுரப்பி கிடையாது. அது இனி வேர்க்காது. குளிராது, கொதிக்காது, சூடு பட்டாலும் லேசில் தெரியாது.

செலவு முழுவதையும் அண்ணாச்சிதான் பார்த்துக்கொண்டார். அதை ஊர் முழுக்கவும் சொல்லிக்கொண்டார்.

பிறகு ஒருநாள் அவர் என் அறைக்கு வந்தார். ஜிப்பாப் பையிலிருந்து மடித்த காக்கித் தாள் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாருங்க சிஸ்டர். இன்னைக்குக் காலையில தங்கம் வலது கையை வச்ச தாளு. ஒரு பொட்டு ஈரம் இருக்கா? மறுபடியும் அடைப்புக்கே எடுத்துக்கிட்டேன். எப்படியோ, கை காஞ்சிட்டுல்லா! எல்லாம் நன்மைக்குத்தான். இன்னும் நாலஞ்சு பிள்ளைய இருக்காவன்னு சொன்னேம்லா, அவியளுக்கும் உங்க கையால பாத்து வச்சு விட்டியன்னா…”

தாளைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டுவிடலாம் போல இருந்தது. கேட்கவில்லை. எனக்குக் கோபம் முற்றினால் குரல் இறங்கிவிடும். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், அண்ணாச்சிக்குத் தெரியாது.

“தாராளமா அனுப்புங்க அண்ணாச்சி. ஆனா எங்க டாக்டர் ஒரு வழக்கம் வச்சிருக்காரு. மத்தவங்களுக்கு வைக்கிறதை முதல்ல நாம ஒரு தடவை வச்சுக்கணும். நீங்கதான அவியளை அனுப்புதிய. எப்படி இருக்கும்னு ஒரு தடவை பாத்துருங்க” என்றேன்.

“நானா?” என்றார். பிறகு ஜிப்பாக் கையைச் சுருட்டிக்கொண்டே, “அதுக்கென்ன” என்று உட்கார்ந்தார்.

“மோதிரத்தை எல்லாம் கழட்டணும்.”

“சிஸ்டர், இது ராசி மோதிரம். கழட்டினதே இல்ல.”

“தங்கம் காப்பைக் கழட்டினா, அண்ணாச்சி. சோப்பு அங்கன இருக்கு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்ச் சோப்புப் போட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். தட்டில் தண்ணீர் ஊற்றினேன். கையை வைத்தார். குமிழைத் திருகினேன்.

“இப்ப ஒண்ணும் தெரியாது. போகப் போகத்தான் தெரியும். ஒரே ஒரு விஷயம். கரண்டைக் குறைக்கிறதுக்கு முன்னால கையை எடுத்திராதீங்க. ஷாக் அடிக்கும். குறைக்க ஆள் வரும், இருங்க” என்று சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்த கடையில் டீ சொன்னேன். டீக்கடைக்காரர் ஊர்க்கதை ஒன்று சொன்னார், முழுக்கக் கேட்டேன். இன்னொரு டீயும் குடித்தேன். திரும்பி வரும்போது வராந்தாவிலேயே அவர் குரல் கேட்டது. “சிஸ்டர்… சிஸ்டர்…” என்று, ஆபீசில் யாரும் கேட்டிருக்கவே முடியாத மெல்லிய குரல். “இந்தா வாரேன், இருங்க” என்று வெளியே நின்றே சொன்னேன். வாளியை ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு எடுத்து வைத்தேன். பிறகுதான் உள்ளே போனேன்.

இரண்டு கையும் தண்ணீரில் அப்படியே இருந்தன. ஒரு விரலைக்கூட அவர் அசைத்திருக்கவில்லை. நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து கண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கக் கை இல்லை. ஜிப்பா முதுகோடு ஒட்டியிருந்தது. நான் குனிந்து, தரையில் கிடந்த பிளக்கை எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அது சுவரில் மாட்டப்படவே இல்லை.

அவர் பிளக்கைப் பார்த்தார். கையை அப்போதும் எடுக்கவில்லை.

“எத்தனை தடவை கூப்பிட்டேன். யாருமே வரலையே சிஸ்டர்” என்றார்.

“அன்னைக்கும் வரலை” என்றேன்.